பிளெண்டட் லேர்னிங் என்றதும் இங்கிலீஷ் டிபார்ட்மெண்ட் ஏன் முகம் சுளிக்கிறது?

ஒரு வாசகரின் கேள்வி, 2024 ஜூலை 9

கல்லூரியில் ஆங்கிலம் நடத்துபவர்கள் பிளெண்டட் லேர்னிங் என்றாலே ஏன் தட்டிக்கழிக்கிறார்கள்? பாதி வகுப்பு நேரில், பாதி ஆன்லைனில். மாணவனுக்கும் வசதி, ஆசிரியருக்கும் வசதி. எனக்குத் தோன்றுவது மூன்று காரணம்: டெக்னாலஜி தெரியாது, கற்றுக்கொள்ளச் சோம்பல், வேலை போய்விடும் என்ற பயம். வேறு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

2024 ஜூலை 9, இரவு 10.40

மூன்றில் ஒன்று சரி. எது என்று அப்புறம் சொல்கிறேன்.

டெல்டா பக்கம் ஓர் அரசு உதவிபெறும் கல்லூரியில் பத்தொன்பது வருடமாகப் பகுதி இரண்டு ஆங்கிலம் எடுக்கிறேன். வெளியில் இருப்பவர்களுக்கு: இளங்கலையில் என்ன படித்தாலும் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம். பெரும்பாலும் நான்கு பருவம், வாரம் ஆறு மணி நேரம். பி.காம். மாதிரி சில படிப்புகளுக்குச் சில இடங்களில் இரண்டு பருவத்தோடு முடிந்துவிடும்.

இந்த வருடம் என் முதலாண்டு வகுப்பில் 68 பேர். ஆங்கில வழியில் படித்து வந்தவர்கள் நாலு பேர். கேட்டால் புரியும், வாய் மட்டும் திறக்காது என்ற ரகத்தில் ஒரு நாற்பது பேர். மிச்சம் பேருக்குப் பன்னிரண்டு வருட ஆங்கிலமும் கேள்வி பதில் மனப்பாடத்திலேயே போய்விட்டது. பாதி நேரில், பாதி ஆன்லைனில் என்பதை இந்த 68 பேரை வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

வசதி என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பார்த்தவரை வகுப்பறை வேலை அப்படியே இருக்கும், ஆன்லைன் வேலை அதன் தலையில் ஏறி உட்காரும். வாரத்துக்கு 16 மணி நேரம் ஒர்க்லோடு. ஆன்லைனில் செய்வது அந்தப் பதினாறில் வராது.

2024 ஜூலை 10

காலையில் படித்துப் பார்த்தேன். 16 மணி நேரம் உதவிப் பேராசிரியருக்கு. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி இணைப் பேராசிரியருக்கு 14. நான் இணைப் பேராசிரியர் ஆகி நாலு வருடம் ஆகிறது, வாயில் இன்னும் பதினாறுதான் வருகிறது. டைம்டேபிளிலும் பதினாறுதான் வருகிறது, அது வேறு கதை.

2024 ஜூலை 10, மதியம்

ஒரு பாவமன்னிப்பு. போன மாதம் ஓர் ஆய்வு மாணவி வாட்ஸப்பில் கூகுள் ஃபார்ம் அனுப்பினார். தலைப்பே கலப்பு முறைக் கற்றல் (பிளெண்டட் லேர்னிங்தான்) குறித்து ஆங்கில ஆசிரியர்களின் மனப்பாங்கு. நாற்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 'முற்றிலும் உடன்படுகிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டம். தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பாதிக்கு மேல் கேள்வியையே படிக்காமல் இரண்டாவது கட்டத்தைத் தட்டிக்கொண்டே வந்தேன். "கலப்பு முறை மாணவரின் சுயகற்றலை வளர்க்கிறது": உடன்படுகிறேன். "எனக்கு இதில் ஆர்வம் உண்டு": உடன்படுகிறேன். பாவம், அந்தப் பெண்ணுக்கு வைவா இருக்கிறது.

அதே வாரம் துறைக் கூட்டத்தில், வாரம் ஒரு மணி நேரத்தை ஆன்லைனுக்கு மாற்றலாமா என்று கேட்டபோது முதலில் வேண்டாம் என்றது நான்.

ஆசிரியர்கள் கலப்பு முறையை வரவேற்கிறார்கள் என்று முடிகிற ஆய்வேடுகளை இனிமேல் படிக்கும்போது அந்த பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

2024 ஜூலை 12

பயம் எங்கிருந்து வந்தது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். தேதியோடு சொல்லலாம். 2021 மே மாதம், இரண்டாம் அலையில் ஆம்புலன்ஸ் சத்தம் ஓயாத நேரத்தில், யுஜிசி ஒரு கருத்துக் குறிப்பை வெளியிட்டுக் கருத்து கேட்டது. மத்திய அரசின் ஸ்வயம் தளத்து ஆன்லைன் படிப்புகள் தவிர மற்ற எந்தப் பாடத்திலும் 40 சதவீதம் வரை ஆன்லைனில் நடத்தலாம், மீதி 60 நேரில் என்பது அதன் சாரம். டெல்லி பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் உடனே எதிர்த்தது.

எங்கள் ஸ்டாஃப் ரூமில் அந்தப் பிடிஎஃப்பை யாரும் முழுசாகப் படிக்கவில்லை. 40 என்ற எண்ணை மட்டும் எல்லாரும் படித்தார்கள். ஒரு கணக்கு அன்றே பரவிவிட்டது. ஆறு மணி நேரத்தில் 40 சதவீதம் போனால் இரண்டரை மணி நேரம் குறைகிறது. பத்து வகுப்பு உள்ள கல்லூரியில் 24 மணி நேரம். அதாவது ஒன்றரை ஆள். அந்த ஒன்றரை ஆள் யார்? நிரந்தரப் பணியில் இருப்பவர் இல்லை. நிர்வாகம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற சுயநிதிப் பிரிவுத் தம்பி, தங்கைகள். எங்கள் துறையில் அப்போது ஐந்து பேர் அப்படி இருந்தார்கள். மதியம் சாப்பிடும்போது அவர்களில் ஒருத்தி, "மேம், நாற்பது பர்சென்ட்னா நான்தான் மேம்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஆகவே மூன்றாவது காரணம் சரி. ஆனால் பயப்படுகிறவர் ஒருவர், கூட்டத்தில் எழுந்து மறுத்துப் பேசுகிறவர் வேறொருவர்.

2024 ஜூலை 12, கொஞ்ச நேரம் கழித்து

கணக்குச் சரிதானா என்று மகன் கேட்கிறான். 6 மணியில் 40 சதவீதம் 2.4. பத்து வகுப்புக்கு 24. அதை 16 ஆல் வகுத்தால் ஒன்றரை. சரிதான். இரண்டரை என்று எழுதியது ஸ்டாஃப் ரூம் கணக்கு.

2024 ஜூலை 15

லேங்வேஜ் லேப் இருக்கிறதே, அதுவும் பிளெண்டட்தானே என்று கேட்டவருக்கு.

எங்கள் லேபில் முப்பது கணினி. ஹெட்ஃபோன் முப்பதில் காது மெத்தை உரியாதவை பதினொன்று. உரிந்த கறுப்புத் தோல் மாணவிகளின் காதோரம் ஒட்டிக்கொண்டு வரும். அது என்ன பூச்சியா என்று ஒருத்தி அலறிய நாளும் உண்டு. 68 பேரை எப்படி உட்கார வைப்பது? இரண்டு பேட்ச் பிரித்தாலும் நாலு பேர் நிற்க வேண்டும். மென்பொருளின் உரிமம் முடிந்தபின் ஆசிரியர் கணினியிலிருந்து எதையும் அனுப்ப முடியவில்லை. ஒரே ஆடியோவை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள் என்றேன்.

கல்லூரியைத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழு வருவதற்கு முந்தின வாரம் லேப் பளபளவென்று இருக்கும். தேதியும் இடமும் விழுகிற ஜியோடேக் போட்டோ எடுக்க வேண்டும். அந்தப் போட்டோவில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். எனக்குப் பின்னால் உள்ள மானிட்டர்களில் பாதிக்கு மின்சார இணைப்பே இல்லை.

இதைப் பத்து வருடம் பார்த்த ஆசிரியரிடம் புதிதாக ஒரு தளம் வந்திருக்கிறது என்றால், "ஆண்டுச் சந்தா யார் கட்டுவது?" என்றுதான் கேட்பார். இதைப் போய்ச் சோம்பல் என்றால் எப்படி?

2024 ஜூலை 21, ஞாயிறு

இதுவரை எழுதியதைப் படித்தால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது. எல்லாம் புகார். நடந்த ஒரு நல்லதையும் சொல்கிறேன்.

2021 தொடக்கத்தில் தமிழக அரசு, கல்லூரி மாணவர்களுக்கு தினம் 2 ஜிபி டேட்டா கார்டு கொடுத்தது ஞாபகம் இருக்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை, ஒன்பதரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு. டேட்டா இருந்தாலும் எங்கள் பக்கம் சில ஊர்களில் சிக்னல் கிடையாது. கூகுள் மீட்டில் அறுபது வட்டம் தெரியும், வட்டத்துக்குள் ஓர் எழுத்து தெரியும், குரல் வராது. "ஆர் யூ தேர்?" என்று கேட்டால் சாட்டில் 'எஸ் மேம்' என்று ஐம்பது வரி கொட்டும். கொட்டி முடிந்ததும் மறுபடி நிசப்தம்.

ஒருநாள் வெறுத்துப்போய், "வீட்டு வாசலில் நில்லுங்கள். கண்ணில் படுவதை ஒரு நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லி வாட்ஸப்பில் வாய்ஸ் நோட் அனுப்புங்கள். குரூப்பில் வேண்டாம், எனக்கு மட்டும்" என்றேன். பத்து பேர் அனுப்பினால் அதிகம் என்று நினைத்தேன். இரவு பதினொரு மணிக்குள் 43 வந்தது.

அதில் ஒன்று. வகுப்பு நேரில் நடந்த காலத்தில் அட்டெண்டன்ஸுக்குக் கூடக் கையை மட்டும் தூக்குகிற பையன். "மை ஹவுஸ் ஃப்ரண்ட் ஒன் நீம் ட்ரீ இஸ் தேர்" என்று ஆரம்பித்தான். மரத்தடியில் பாட்டி உட்கார்ந்திருப்பதைச் சொன்னான். நடுவில் ஒரு கிழட்டுக் குரல் குறுக்கே வந்தது. "யாருகிட்டடா இங்கிலீஷுல பேசுற?" "மேம்கிட்ட, சும்மா இரு." மறுபடி ஆங்கிலம்: "மை கிராண்ட்மதர் இஸ் ஆஸ்கிங் ஹூ ஆர் யூ டாக்கிங்." மொத்தம் ஒரு நிமிடம் பத்து வினாடி.

அந்த வாக்கியத்தில் எத்தனை பிழை என்று எனக்கும் தெரியும். ஆனால் நடந்துகொண்டிருப்பதை நடக்கும்போதே எடுத்து ஆங்கிலத்தில் போட்டிருக்கிறான். நிகழ்காலத் தொடர்வினையைப் பலகையில் எழுதிப்போட்டு நான் இரண்டு வாரம் நடத்தியும் வராதது இது. இன்னொரு மாணவி பதினொரு தடவை அழித்து அழித்துப் பதிந்ததாகச் சொன்னாள். வகுப்பில் எழுப்பிக் கேட்டால் ஒரு தடவைதான் வாய்ப்பு, அதையும் 67 பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பேசுகிற பயிற்சியை நேர் வகுப்பிலும் மற்றதை ஆன்லைனிலும் வைக்க வேண்டும் என்பதுதான் எல்லாப் பயிலரங்கிலும் சொல்வது. எனக்கு நடந்தது தலைகீழ். பேச்சு ஆன்லைனில்தான் வந்தது.

2024 ஜூலை 22

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியானால் ஏன் தொடரவில்லை, ஏன் துறைக் கூட்டத்தில் வேண்டாம் என்றீர்கள்?" என்று கேள்வி கேட்டவரே மடக்கியிருக்கிறார். நியாயம்.

கணக்கு இதோ. 68 பேர், ஆளுக்கு இரண்டு நிமிட வாய்ஸ் நோட். கேட்க 136 நிமிடம். பதிலுக்கு ஆளுக்கு ஒரு நிமிடம் நான் பேசினால் 68. மொத்தம் 204 நிமிடம், மூன்று மணி 24 நிமிடம். இரண்டு வகுப்புக்கு வாரம் ஏழு மணி நேரம் ஆகிவிடும். கால் மணிக்கு ஒரு தடவை பிரஷர் குக்கர் விசில் அடிக்கிற வீட்டில், காதில் இயர்ஃபோனோடு. லாக் புக்கில் எழுதப் போனால் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. நாள், மணி, வகுப்பு, நடத்திய பாடம், அவ்வளவுதான். இரவு 9.30 என்று எழுதினால் அலுவலகத்தில் சிரிப்பார்கள்.

அந்த வருடம் செய்தேன், கொரோனாவில் வேறு வழியில்லாததால். மறு வருடம் கல்லூரி திறந்ததும் நிறுத்தியது நானேதான்.

2024 ஜூலை 24

திருச்சிப் பக்கத்துச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார்: "எல்லாரையும் எதற்கு எல்லா வாரமும் கேட்கிறீர்கள்? வாரம் 17 பேர் என்று சுற்றுக்கு விடுங்கள். நாலு வாரத்தில் எல்லாரும் முடிந்துவிடுவார்கள். மற்றவர்கள் ஜோடியாக ஒருவர் பேசியதை இன்னொருவர் கேட்டு மூன்று வரி எழுதட்டும்."

17 பேருக்கு 51 நிமிடம். இது எனக்கு ஏன் தோன்றவில்லை? எல்லா விடைத்தாளையும் திருத்தியே பழகிய கை. கேட்காமல் விட்டால் ஏமாற்றுவது போல இருக்கும்.

2024 ஆகஸ்ட் 3

வயது பற்றி. டெக்னாலஜி தெரியாத மூத்தவர்கள்தான் தடை என்று நானே எங்கோ எழுதினேன் என்று தேடினேன். இங்கே இல்லை, முகநூலில் எழுதியிருக்கிறேன். அதை வாபஸ் வாங்குகிறேன்.

எங்கள் பழைய துறைத்தலைவர் 2022இல் ஓய்வு பெற்றார். பவர்பாயிண்டில் அடுத்த ஸ்லைடுக்குப் போக என்னைக் கூப்பிடுவார். ஆனால் ஒரு வேலை செய்தார். தினம் காலை ஆறு மணிக்கு இந்து பேப்பரிலிருந்து ஒரு சின்னச் செய்தியைத் தன் குரலில் வாசித்து, மூன்றாமாண்டு குரூப்பில் போடுவார். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போகாது. கேள்வி, மதிப்பெண் எதுவும் கிடையாது. பசங்கள் பல் தேய்க்கும்போது கேட்பார்களாம். பிளெண்டட் என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மிக்சி விளம்பரமா என்று கேட்டிருப்பார்.

மறுபக்கம், எங்கள் துறையில் எல்லா ஆப்பும் தெரிந்த இளைஞர் ஒருவர், பாடத்தை வீடியோவாக எடுத்துப் போடுகிறார். நாற்பது நிமிடம், கேமராவைப் பார்த்தபடி ஒரு கவிதையை வரிவரியாகத் தமிழில் விளக்கம். வகுப்பில் செய்ததுதான், ஆனால் வகுப்பிலாவது தூங்குகிறவனை எழுப்பலாம்.

இருந்தாலும் அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. 2018 விதிமுறையின் மதிப்பெண் அட்டவணையில் ஒரு முழுப் பாடத்துக்கு நான்கு கூறுகளோடு மின்பாடம் தயாரித்தால் 12 மதிப்பெண். வீடியோ, படிக்கும் பகுதி, சுயமதிப்பீட்டுத் தேர்வு, கலந்துரையாடல் என்று நான்கு. வாசலில் வேப்பமரம் என்ற வாய்ஸ் நோட்டைக் கேட்பதற்கு அந்த அட்டவணையில் இடமில்லை. கல்யாணத்துக்குக் காத்திருக்கிற, வேலை நிரந்தரமாகாத முப்பத்தொரு வயதுக்காரர் எதைச் செய்வார்?

2024 ஆகஸ்ட் 18

ஆய்வு என்ன சொல்கிறது என்று ஒருவர் சண்டைக்கு நிற்கிறார். "அமெரிக்கக் கல்வித்துறையே கலப்பு முறைதான் சிறந்தது என்று நிரூபித்துவிட்டது."

அந்த அறிக்கை 2009இல் வந்தது, பார்பரா மீன்ஸ் குழுவினர் செய்தது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் நேர்முறையை விடக் கலப்பு முறைக்குக் கொஞ்சம் கூடுதல் பலன் தெரிந்தது உண்மை. ஆனால் கலப்பு முறையில் படித்தவர்களுக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்திருக்கின்றன, ஆகவே பலனை ஆன்லைன் என்ற ஊடகத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். இந்த இரண்டாவது பாதி எந்த ஆசிரியர் பயிற்சி (எஃப்.டி.பி.) ஸ்லைடிலும் வராது.

கூடுதல் நேரம். மறுபடி அங்கேதான் வந்து நிற்கிறோம். மாணவனுக்கு நேரம் கூடினால் நல்லது, அதில் சந்தேகமில்லை. எங்கள் சர்குலரில் மட்டும் அது நேரத்தைக் குறைக்கிற திட்டமாக வந்தது.

மனப்பாங்கு ஆய்வுகளுக்கு அடியில் பெரும்பாலும் இருப்பது ஃபிரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் 1989இல் முன்வைத்த மாடல். ஒரு கருவி பயன்படும் என்று நினைக்கிறாரா, எளிது என்று நினைக்கிறாரா, இந்த இரண்டையும் கேட்டால் ஏற்பாரா மாட்டாரா என்று சொல்லிவிடலாம் என்பது. அலுவலக மென்பொருளுக்குச் சரி. வாட்ஸப் பயன்படுமா? பயன்படும். எளிதா? என் மாமியார் பயன்படுத்துகிறார். இரண்டுக்கும் ஆமாம், ஆனாலும் நான் நிறுத்தினேன்.

2024 ஆகஸ்ட் 19

கூகுள் ஃபார்ம் அனுப்பிய அதே ஆய்வு மாணவி இந்த இழையைப் படித்துவிட்டார்! கோபம் இல்லை என்கிறார். (நம்புகிறேன்.) திருத்தம் ஒன்று சொன்னார்: 2003இல் வெங்கடேஷ், டேவிஸ் உள்ளிட்டோர் அந்த மாடலை விரிவாக்கினார்கள், அதில் நிறுவனம் தரும் ஆதரவு, வசதி எல்லாம் ஒரு காரணியாகவே வருகிறது. சரி, ஒப்புக்கொள்கிறேன். அந்தக் காரணிக்கு உங்கள் ஃபார்மில் எத்தனை கேள்வி என்று கேட்டேன். நாற்பதில் மூன்று.

என் பதிலை நீக்கிவிடச் சொன்னேன். பெயர் இல்லாத ஃபார்ம், எது யாருடையது என்று தெரியாதாம்.

2024 செப்டம்பர் 5

ஆசிரியர் தின வாழ்த்து இதுவரை 112 வந்திருக்கிறது. அதில் வாய்ஸ் நோட் ஒன்று. என் வகுப்பு கூட இல்லை, வேதியியல் மாணவன். "ஹேப்பி டீச்சர்ஸ் டே மேம், ஐ ஆம் இன் பஸ்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண்டக்டர் சில்லறை கேட்கிறார்.

2024 அக்டோபர் 20

இதை எழுதத் தயங்கினேன். கலப்பு முறையின் இன்னொரு பாதி, எழுத்து வேலை, என் கண்ணெதிரே செத்துப்போனது.

கூகுள் கிளாஸ்ரூமில் ஓர் அசைன்மெண்ட் போட்டேன். உங்களைப் பாதித்த ஓர் ஆசிரியரைப் பற்றி இரு பத்தி. 61 பேர் சமர்ப்பித்தார்கள். படிக்கப் படிக்க எல்லாம் ஒரே வழவழப்பு. ஒன்றில் ஆசிரியரின் பெயர் மிஸ் தாம்சன். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து அரசுப் பள்ளியில் படித்த பையனுக்கு எங்கிருந்து வந்தார் மிஸ் தாம்சன்? கூப்பிட்டுக் கேட்டேன். "பேரை மாத்த மறந்துட்டேன் மேம்" என்றான். அந்த நேர்மைக்காக விட்டுவிட்டேன்.

சாட்ஜிபிடி 2022 நவம்பர் கடைசியில் வெளிவந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட எந்தக் கலப்பு முறைத் திட்டமும், வீட்டில் எழுதட்டும், வகுப்பில் பேசட்டும் என்றுதான் இருக்கும். இப்போது நான் செய்வது: எழுத்து வகுப்பில், பேனாவால், ஏ4 தாளில், இருபது நிமிடம். கேட்பதும் பேசுவதும் வீட்டில். பேச்சையும் எழுதி வாங்கி வாசிக்கலாமே என்பீர்கள். சில பேர் வாசிக்கிறார்கள், கேட்டாலே தெரியும், மூச்சு விடுகிற இடம் மாறும். அதனால்தான் வாசலில் நின்று பேசச் சொல்வது. மிஸ் தாம்சன் வேப்பமரத்தடியில் உட்கார மாட்டார்.

ஜூலையில் தற்செயலாகத் தலைகீழ் ஆனது என்று எழுதியதை இப்போது தெரிந்தே செய்கிறேன். வாரம் 17 பேர் முறைதான். திருச்சிச் சகோதரிக்கு நன்றி.

2024 அக்டோபர் 21

சுற்று முறையில் ஒரு ஓட்டை. எந்த வாரம் தன் முறை இல்லையோ அந்த வாரம் 51 பேரில் பத்து பேர்தான் ஜோடியின் வாய்ஸ் நோட்டைக் கேட்டு எழுதுகிறார்கள். சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுத்தேன். பயத்தில் கொஞ்சம் கூடியது.

2025 ஜனவரி 11

தமிழக அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டத்தைப் பற்றி ஏன் வாயே திறக்கவில்லை என்று கேட்கிறார்கள். 2022 மார்ச் 1 அன்று தொடங்கியது. ஆங்கிலத்துக்குக் கேம்பிரிட்ஜின் லிங்குவாஸ்கில் தேர்வும் அதில் வந்தது. மாணவர்களுக்கு லாபம்தான், சான்றிதழில் கேம்பிரிட்ஜ் என்று இருந்தால் வீட்டில் பிரேம் போடுகிறார்கள். என் வருத்தம் அற்பமானது: முதல் தடவை வெளியிலிருந்து பயிற்சியாளர் வந்தபோது கணினி அறைச் சாவியை வாங்கித் தருவது மட்டும்தான் என் வேலையாக இருந்தது. அந்தப் பையன் நன்றாகத்தான் எடுத்தான். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தாள் திருத்தினேன்.

இது பொறாமையா என்று யோசித்துப் பார்த்தேன். பாதி ஆமாம்.

2025 மார்ச் 15

நேற்று பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு வருடத்தில் லேப்டாப்போ டேப்லெட்டோ தருவதாக அறிவிப்பு. ஸ்டாஃப் ரூமில் காலையிலிருந்து இதே பேச்சு. 2011இல் பள்ளி லேப்டாப் திட்டம் வந்த பின் சில வருடங்களில் எங்களிடம் சேர்ந்தவர்கள் பையில் அதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பிளக் பாயிண்ட் உள்ள சுவரோரம் இடம் பிடிக்க எட்டரைக்கே வந்துவிடுவார்கள். வகுப்பில் இருந்த பிளக் பாயிண்ட் இரண்டு.

இப்போதும் இரண்டுதான்.

2025 ஏப்ரல் 6

முதல் கேள்விக்குப் பதில் பாக்கி. ஜூலை 12 அன்று மூன்றாவது காரணம் சரி என்றேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். "நான்தான் மேம்" என்று சிரித்தவள் இருக்கிறாளே, எங்கள் துறையில் கலப்பு முறையை இன்று எல்லாரையும் விட நன்றாகச் செய்வது அவள்தான். வாரம் 24 மணி நேரம் வகுப்பு எடுத்துவிட்டு, பஸ்ஸில் உட்கார்ந்து வாய்ஸ் நோட் கேட்கிறாள். பயம் இருக்கிறவள் செய்கிறாள். பயமே தேவையில்லாத நான் மூன்று வருடம் நிறுத்தி வைத்திருந்தேன். அப்படியானால் சரி என்று சொன்னது எந்தக் காரணம்? சோம்பல் என்று நீங்கள் எழுதியபோது வந்த கோபம் கொஞ்சம் அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

2025 ஏப்ரல் 26

போன கூட்டத்தில் கேட்டேவிட்டேன். அடுத்த வருட டைம்டேபிளில் ஆன்லைன் பணிக்கு வாரம் ஒரு மணி நேரம், ஒர்க்லோடுக்குள், எல்லாருக்கும், சுயநிதிப் பிரிவுக்கும் சேர்த்து. நான் வகுப்பறையில் இருக்க மாட்டேன், மாணவர்கள் அனுப்பியதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பிரின்சிபல் யோசித்துவிட்டுச் சரி என்றார். கல்லூரியின் தர உறுதிக் குழு (ஐ.க்யூ.ஏ.சி.) ஒருங்கிணைப்பாளருக்கு ஒரே சந்தோஷம், போட்டோ எடுக்கலாமா என்றார். காதில் இயர்ஃபோனோடு ஒரு பெண்மணி உட்கார்ந்திருப்பதை எடுத்து என்ன செய்வார் என்று தெரியவில்லை.

இன்று வரைவு டைம்டேபிள் வந்தது. வியாழன் ஐந்தாவது மணி. மாணவர்கள் அந்த நேரம் எங்கே இருப்பார்கள் என்று ஒரு கட்டம் நிரப்ப வேண்டுமாம், அதில் 'நூலகம்' என்று போட்டிருக்கிறார்கள். நூலகத்தில் செல்போன் கூடாது. அந்த "நான்தான் மேம்" தங்கையிடம் காட்டினேன். "வாசல்னு போடச் சொல்லுங்க மேம்" என்றாள். திங்கட்கிழமை போய்ச் சொல்ல வேண்டும்.